சண்டை ரோபோக்களும் எரிஞ்சுபோன மாஸ்ஃபெட்களும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல ஊறிக்கிட்டிருந்த ஒரு மேட்டரை இன்னிக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பதிவு கொஞ்சம் நீளம், காபி ஒண்ணு போட்டுட்டு வந்துடுங்க :-)

சண்டை ரோபோ வீடியோ ஏதாவது ஒண்ணு நீங்களும் பாத்திருப்பீங்க. கனமான பிளாஸ்டிக் சுவர் வெச்ச கூண்டு, உள்ள ரெண்டு இரும்பு மிருகம், சுழல்ற பிளேடு, தெறிக்கிற தீப்பொறி. எல்லார் கண்ணும் ஆயுதத்து மேலதான் இருக்கும். ஆனா தோத்த ரோபோ எப்படித் தோத்துச்சுன்னு கவனிச்சுப் பாருங்க. எல்லாமே அடி வாங்கி நொறுங்கித் தோக்கறதில்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஓடி, செக்குமாடு மாதிரி அதே இடத்துல வட்டமடிச்சுக்கிட்டு நிக்கும். இல்லைன்னா லேசா ஒரு புகை வரும், அப்புறம் அசைவே இருக்காது. நடுவர் எண்ணி முடிச்சிடுவார்.

அந்தப் புகை பல நேரம் கிளம்பற இடம், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல இருக்கிற ஸ்பீடு கன்ட்ரோலர்ங்கிற சின்னப் பெட்டி. இதைக் காசு குடுத்து வாங்கறதா, நாமே செஞ்சுக்கறதா? முப்பது வருஷமா சண்டை ரோபோ கட்டறவங்க தலையைப் பிச்சுக்கிற கேள்வி இது. இந்தக் கேள்விக்கான பதில் எப்படியெல்லாம் மாறிச்சுங்கிறதுதான் இன்னிக்குக் கதை.

பெட்டிக்கு அப்படி என்ன வேலை?

ரிமோட்ல இருந்து ரிசீவர் வழியா நொடிக்குச் சுமார் 50 துடிப்பு வரும். துடிப்போட நீளம் 1.5 மில்லிசெகண்ட் இருந்தா நில்லு, 2 பக்கம் போனா முழு வேகத்துல முன்னாடி, 1 பக்கம் போனா முழு வேகத்துல பின்னாடி. இதைப் படிச்சுட்டு, பேட்டரி கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை விட்டு விட்டு மோட்டாருக்கு அனுப்பணும். பாதி நேரம் திறந்து பாதி நேரம் மூடினா, மோட்டாருக்குப் பாதி வோல்டேஜ் கிடைச்ச மாதிரி.

திசை மாத்தறதுக்கு நாலு சுவிட்ச் வேணும். ஆங்கில ஹெச் எழுத்தை நினைச்சுக்குங்க. நடுக்கோடு மோட்டார், நாலு கால்லயும் நாலு சுவிட்ச். மேல் இடதும் கீழ் வலதும் மூடினா முன்னாடி, மத்த ரெண்டை மூடினா பின்னாடி. இதுக்குப் பேரு ஹெச் பிரிட்ஜ். ஒரே பக்கத்து மேல், கீழ் ரெண்டும் ஒரு கணம் சேர்ந்து மூடிட்டா பேட்டரி நேரா ஷார்ட் ஆகும். ஷூட் த்ரூன்னு சொல்லுவாங்க. அதுக்கு மைக்ரோசெகண்ட் கணக்கு போதும். சுவிட்ச் காலி.

காகிதத்துல இவ்வளவுதான். கூண்டுக்குள்ள போனாத்தான் சங்கதி தெரியும். பேட்டரி 24 வோல்ட், மோட்டார் சுருளோட தடை 0.1 ஓம்னு வெச்சுப்போம். மோட்டார் ஓடறப்ப அதுவே ஜெனரேட்டர் மாதிரி எதிர் வோல்டேஜ் உண்டாக்கும், அதனால கரண்ட் அடக்கமா இருக்கும். ரோபோ சுவத்துல முட்டிச் சக்கரம் நின்னுடுச்சுன்னா எதிர் வோல்டேஜ் பூஜ்யம். 24-ஐ 0.1-ஆல வகுத்தா 240 ஆம்ப். முழு வேகத்துல முன்னாடி போறப்ப ஓட்டறவர் பதறிப்போய் சட்டுனு ரிவர்ஸ் அடிச்சார்னா, எதிர் வோல்டேஜும் பேட்டரியோட கூட்டு சேர்ந்துக்கும். கணக்குப்படி கிட்டத்தட்ட ரெட்டிப்பு. பேட்டரியும் வயரும் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். நம்ம வீட்டு ஏ.சி.க்குப் போடற எம்.சி.பி. 20 ஆம்ப் பக்கம்தான் இருக்கும், ஒப்பிட்டுக்குங்க.

இன்னொரு கடமையும் அந்தப் பெட்டிக்கு உண்டு. ரிமோட் சிக்னல் அறுந்துபோச்சுன்னா அது மோட்டாரை நிறுத்தியே ஆகணும். நூறு கிலோ இரும்பு தன்னிச்சையா ஓடினா பக்கத்துல நிக்கறவங்க கதி என்ன?

பெட்டியே இல்லாத காலம்

1987-ல அமெரிக்காவின் டென்வர் நகரத்துல, ஒரு அறிவியல் புனைகதை மாநாட்டுல 'கிரிட்டர் கிரஞ்ச்'னு ஒரு போட்டி நடந்துச்சு. குட்டி இயந்திரங்களை மோத விட்டுப் பாத்தாங்க. ஆனா இந்த விளையாட்டு ஊரறிஞ்சது 1994 ஆகஸ்ட்ல, சான் ஃபிரான்சிஸ்கோவோட ஃபோர்ட் மேசன்ல. நடத்தினவர் மார்க் தார்ப். ஜார்ஜ் லூகாஸோட ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கம்பெனியில மாடல் செஞ்சுக்கிட்டிருந்தவர். வாக்குவம் க்ளீனருக்கு ரிமோட் வெக்கலாம்னு ஆரம்பிச்சு, அது சரிவராம, 'ரோபோட் வார்ஸ்'ல வந்து நின்னார்.

அந்த 90-கள் போட்டிகள்ல வந்தவங்க லிஸ்ட்டைப் பாத்தா நம்மாளுங்களுக்குக் கொஞ்சம் புல்லரிக்கும். சிம் சிட்டி எழுதின வில் ரைட் தன் மகளோட ரோபோ கட்டிக்கிட்டு வந்தார். பின்னாடி மித்பஸ்டர்ஸ்ல கலக்கின ஜேமி ஹைன்மேனும் ஆடம் சாவேஜும் 'பிளெண்டோ'ன்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. புல்வெட்டி எஞ்சின்ல சுழல்ற ஓடு. 1995-ல அது பிய்ச்சுப் போட்ட துண்டுங்க கூண்டைத் தாண்டிப் போச்சுன்னு, ஆபத்துன்னு சொல்லிப் போட்டியில இருந்து ஒதுக்கி வெச்சாங்க.

இவ்வளவு மூளைக்காரங்க இருந்தும், மோட்டாரை எப்படிக் கட்டுப்படுத்தறதுங்கிறதுல பாடுதான். சண்டை ரோபோவுக்குன்னு செஞ்ச கன்ட்ரோலர் எதுவும் கடையில இல்லை. ரிமோட் காருக்கான கன்ட்ரோலர் இருந்துச்சு. அது 7.2 வோல்ட் பேட்டரிக்கும் ஒண்ணு ரெண்டு கிலோ காருக்கும் செஞ்சது. பாதிக்கு ரிவர்ஸே கிடையாது. இருக்கறதும், பிரேக் போட்டு, கொஞ்சம் யோசிச்சு, அப்புறம்தான் பின்னாடி போகும். எதிராளி அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டா நிப்பான்?

அதனால பல பேர் சுலபமான வழியைப் பிடிச்சாங்க. ஒரு சர்வோ மோட்டார், அது திரும்பினா அமுங்கற மைக்ரோசுவிட்ச், அந்தச் சுவிட்ச் இயக்கற ரிலே. கார் ஸ்டார்ட்டருக்கு வர்ற சோலனாய்டைக்கூடப் போட்டாங்க. விலை மலிவு, கண்ணால பாத்துப் புரிஞ்சுக்கலாம். ஆனா வேகம் ரெண்டே ரெண்டு: நில், பற. நேர்கோட்டுல ஓட்டறதே தனிக் கலை.

இதை விடப் பெரிய தொல்லை ஒண்ணு உண்டு. வீட்டு ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போகும். சுவிட்சைத் திறக்கறப்ப வர்ற பொறி அதுல தானா அணைஞ்சிடும். பேட்டரி கரண்டுக்கு அந்த இடைவெளியே கிடையாது. மோட்டார் சுருளும் சேர்ந்துக்கும், பொறி நீண்டு நின்னு ரிலே முனைகளை உருக்கி வெல்டு வெச்சுடும். கை ஸ்டிக்கை விட்டாலும் ரோபோ நிக்காது.

இதைப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் இன்ஜினியரிங் படிச்ச 2010-களின் நடுவுலயும் நம்ம ஊர் கல்லூரி விழா ரோபோ வார்ல இதே கூத்துதான். கார் வைப்பர் மோட்டார், கையில ஒரு மரப்பலகை, அதுல நாலு டி.பி.டி.டி. சுவிட்ச், ரோபோவுக்குப் பின்னாடி வால் மாதிரி பத்து மீட்டர் வயர். அந்த வயரைத் தூக்கிப் பிடிக்கறதுக்குன்னே டீம்ல ஒரு ஆள். ரிச்சி தெருவுல நூத்துச் சொச்சத்துக்குக் கிடைச்ச எல்298 போர்டு ஒரு சேனலுக்கு 2 ஆம்ப்தான் தாங்கும். வைப்பர் மோட்டார் முட்டி நின்னா அதைப் போல பல மடங்கு கேக்கும். சான் ஃபிரான்சிஸ்கோக்காரங்க 1994-ல மாட்டிக்கிட்டு முழிச்ச அதே இடம். சாமான் கிடைக்காத இடத்துல எல்லா ஊர் மூளையும் ஒரே மாதிரிதான் யோசிக்குது போல.

கடன் வாங்கின பெட்டிகள்

அடுத்த கட்டம், வேற வேலைக்குச் செஞ்ச சரக்கை இழுத்துக்கிட்டு வர்றது. அமெரிக்காவுல வான்டெக் கம்பெனியோட ஆர்.டி.எஃப்.ஆர். வரிசை கன்ட்ரோலருங்க பேர் வாங்கிச்சு. ஒரே பெட்டியில ரெண்டு மோட்டார். ஒரு ஸ்டிக்கை முன்னாடி தள்ளினா ரெண்டு சக்கரமும் ஓடும், பக்கவாட்டுல தள்ளினா டாங்கி மாதிரி திரும்பும். அந்தக் கலவைக் கணக்கையும் பெட்டியே போட்டுக்கும். விலைதான் சில நூறு டாலர். காலேஜ் பசங்க எட்ட நின்னு பாத்துக்கலாம்.

இங்கிலாந்துல 1998 பிப்ரவரியில பிபிசி 'ரோபோட் வார்ஸ்' நிகழ்ச்சியை ஆரம்பிச்சதும் அங்க 4க்யூ.டி. கம்பெனிக்கு யோகம். அவங்க செஞ்சது கோல்ஃப் பை தூக்கற மின்சார வண்டி, பொம்மை ரயில் மாதிரியான சமாச்சாரங்களுக்கு. முன்னாடி ஓட்டறது, பின்னாடி ஓட்டறது, ரெண்டு திசையிலும் பிரேக் பிடிக்கறதுன்னு நாலு வேலையும் செய்யற டிரைவ்ங்கிறதுதான் அந்தப் பேருக்கே அர்த்தம். ஆனா அது எதிர்பாத்தது ரிமோட் துடிப்பை இல்லை, கையால திருகற ஒரு குமிழை. நடுவுல மொழிபெயர்ப்பாளர் மாதிரி இன்னொரு போர்டு வாங்கிப் போடணும். அந்தக் கம்பெனிக்காரங்க செஞ்ச நல்ல காரியம், கன்ட்ரோலர் எப்படி வேலை செய்யுது, எதனால சாகுதுன்னு விளக்கமா எழுதி எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியிட்டது. மோட்டார் ஓட்டற கலையை அதைப் படிச்சுக் கத்துக்கிட்டவங்க நிறைய.

அமெரிக்காவுல 1999 ஆகஸ்ட்ல லாங் பீச்ல 'பேட்டில்பாட்ஸ்' ஆரம்பிச்சு, 2000-ல இருந்து 2002 வரைக்கும் காமெடி சென்ட்ரல் சேனல்ல ஓடுச்சு. திடீர்னு ஆயிரக்கணக்கான பேருக்கு ரோபோ கட்டற ஆசை வந்துடுச்சு. சக்கர நாற்காலி மோட்டார், டிரில்லிங் மெஷின் மோட்டாரெல்லாம் பழைய சாமான் கடையில மலிவா கிடைச்சது. அதை ஓட்டற பெட்டி மட்டும் மோட்டாரைப் போல பல மடங்கு விலை.

ஊர் கூடி இழுத்த தேர்

இந்தக் கடுப்புல பொறந்ததுதான் 2000-களின் துவக்கத்துல வந்த 'ஓப்பன் சோர்ஸ் மோட்டார் கன்ட்ரோலர்'. சுருக்கமா ஓ.எஸ்.எம்.சி. லினக்ஸ் மாதிரி, ஹார்டுவேர்ல. யாஹூ குரூப்ல கூடின ரோபோ பைத்தியங்க சர்க்யூட் வரையறாங்க, ஒருத்தர் செஞ்சு பாக்கறார், எரியுது, ஏன் எரிஞ்சுச்சுன்னு எழுதறார், இன்னொருத்தர் திருத்தறார். அதுல ஈடுபட்டவங்கள்ல ஒருத்தர் டேல் ஹெதரிங்டன். பேர் தெரியலைன்னாலும் அவர் கைவேலை உங்களுக்குத் தெரியும். டென்னிஸ் ஹேய்ஸோட சேர்ந்து ஹேய்ஸ் மோடம் கம்பெனியை ஆரம்பிச்சவர். டயல் அப் மோடம்னு ஒரு காலத்துல உலகமே உபயோகிச்ச சங்கதிக்கு வழி போட்ட ஆள். அட்லாண்டாவுல ரோபோ கட்டிக்கிட்டு மாஸ்ஃபெட் எரிச்சுக்கிட்டிருந்தார்.

டிசைனை ஒரு நிமிஷம் பாத்துடலாம். ஹெச் பிரிட்ஜோட ஒவ்வொரு காலுக்கும் நாலு மாஸ்ஃபெட் பக்கத்துல பக்கத்துல, மொத்தம் 16. ஐ.ஆர்.எஃப்.1405 ரகம், தாங்கறது 55 வோல்ட், திறந்திருக்கறப்ப தடை 5.3 மில்லி ஓம். நாலைச் சேர்த்துக் கட்டினா 1.3 ஆகும். கரண்ட் ரெண்டு கால் வழியாப் போறதால சுமார் 2.65 மில்லி ஓம். 100 ஆம்ப் விட்டா வீணாகிற சூடு 26 வாட் சொச்சம், ரிச்சி தெரு சால்டரிங் அயர்ன் அளவு. மாஸ்ஃபெட் சூடானா தடை கூடும், அதனால நிஜத்துல 40 வாட் பக்கம் போகும். 24 வோல்ட்ல 100 ஆம்ப்னா மோட்டாருக்குப் போறது 2,400 வாட். அதுக்கு இவ்வளவுதான் நஷ்டம். மேல ஒரு விசிறி வெச்சா 160 ஆம்ப் வரைக்கும் தொடர்ந்து தாங்கும்னு சொன்னாங்க.

மேல் பக்கத்து மாஸ்ஃபெட்டைத் திறக்கறது தனித் தலைவலி. அதோட கேட்டுக்கு பேட்டரி வோல்டேஜை விடப் பத்துப் பன்னெண்டு வோல்ட் கூடுதலா வேணும். பேட்டரியே 24-ன்னா 36-க்கு எங்க போறது? இந்த வேலைக்கு ஹெச்.ஐ.பி.4081ஏ சிப்பைப் போட்டாங்க. அந்தக் கூடுதல் வோல்டேஜை உள்ளேயே உண்டாக்கிக்கும். மேல், கீழ் ரெண்டும் சேர்ந்து திறக்காம நடுவுல ஒரு சின்ன இடைவெளியும் விடும். முன்னாடி சொன்ன ஷூட் த்ரூவுக்கு அதுதான் காப்பு. டிசைனை யார் வேணாலும் எடுத்துச் செஞ்சுக்கலாம். கையில சால்டரிங் வராதவங்களுக்காக ரோபோட் பவர்ங்கிற சின்னக் கம்பெனி போர்டாவும் வித்துச்சு.

நம்ம தொழில்ல ஓப்பன் சோர்ஸ்னா பெருசா ஒண்ணும் இழக்கறதில்லை. கம்பைல் ஆகலைன்னா திருத்திட்டு மறுபடி ஓட்டலாம். இங்க ஒவ்வொரு பக்கும் 16 மாஸ்ஃபெட், ஒரு மாசப் பாக்கெட் மணி. அப்படி இருந்தும் எரிச்சவங்க வெக்கப்படாம எழுதினாங்க பாருங்க, அதைத்தான் நான் பெரிசா நினைக்கிறேன். 2019 டிசம்பர்ல யாஹூ தன்னோட குரூப்கள்ல இருந்த பழைய பதிவுகளை அழிக்க ஆரம்பிச்சு, 2020 டிசம்பர்ல குரூப்ஸையே மூடிடுச்சு. போர்டு டிசைன் பல இடத்துல பிழைச்சுக்கிச்சு. ஏன் அப்படி டிசைன் பண்ணாங்கங்கிற பேச்சு அந்த மாதிரிப் பிழைக்கறதில்லை. யாராவது முன்கூட்டியே எடுத்து வெச்சிருந்தாத்தான் உண்டு. நம்மள்ல எத்தனை பேர் எழுதினதுக்கு பேக்கப் வெச்சிருக்கோம்னு அப்படியே ஒரு தடவை யோசிச்சுக்குங்க.

கடைக்கு வந்த சரக்கு

அதே காலத்துல இன்னொரு பக்கம், பள்ளிப் பிள்ளைங்களுக்கான ஃபர்ஸ்ட் ரோபோ போட்டிக்குக் கன்ட்ரோல் சாமான் செஞ்சு குடுத்துக்கிட்டிருந்த டெக்ஸாஸ் கம்பெனி இன்னொவேஷன் ஃபர்ஸ்ட், 'விக்டர்'னு ஒரு பெட்டி கொண்டு வந்துச்சு. உள்ளங்கை அளவு, மேல குட்டி விசிறி. விக்டர் 883 ரகம் 24 வோல்ட்ல 60 ஆம்ப்னு போட்டிருக்கும். ஒரு மோட்டாருக்கு ஒண்ணு. சில ரிசீவர்களோட சிக்னல் அதுக்குப் பத்தாது, நடுவுல ஒரு பூஸ்டர் கேபிள் போட்டாத்தான் முழிச்சுக்கும். ஆனா வான்டெக்கை விட மலிவு, செத்தா ஒண்ணை மட்டும் மாத்தினா போதும். பெரிய சைஸ் ரோபோ பலதுல இது உக்காந்துக்கிச்சு. இதே கம்பெனியோட ஹெக்ஸ்பக் பிரிவுதான் பின்னாளில் பேட்டில்பாட்ஸ் பொம்மை ரோபோ வித்துச்சுங்கிறது ஒரு சுவாரசியமான முடிச்சு.

குட்டி ரோபோ பக்கம் வேற கதை. 454 கிராம் ஆன்ட்வெயிட் ரோபோவுக்கு யாரும் கன்ட்ரோலர் செய்யாதப்ப, சர்வோ மோட்டாரைப் பிரிச்சு உள்ள இருக்கிற போர்டை மட்டும் எடுத்து, அதுல வேற மோட்டாரைக் கோர்த்துட்டாங்க. சர்வோவுக்குள்ள ஏற்கனவே ஒரு குட்டி ஹெச் பிரிட்ஜும், ரிமோட் துடிப்பைப் படிக்கிற மூளையும் இருக்குதே! இந்த ஐடியாவைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் நல்லா இருக்கணும்.

அப்புறம் ஒஹையோவுல இருந்து டைமென்ஷன் இன்ஜினியரிங் கம்பெனியோட சேபர்டூத் வந்துச்சு. ரெண்டு மோட்டார், கலவைக் கணக்கு உள்ளேயே, பிரேக் பிடிக்கறப்ப கரண்டைத் திரும்ப பேட்டரிக்கே அனுப்பற வசதி. 2010-களின் துவக்கத்துல எம்.ஐ.டி.யில இருந்த சார்லஸ் குவான், சண்டை ரோபோவுக்குன்னே 'ரேஜ்பிரிட்ஜ்' செஞ்சார். ஒவ்வொரு வெர்ஷனும் எப்படி வெடிச்சுதுன்னு போட்டோவோட எழுதிக்கிட்டே செஞ்ச மனுஷன். யாஹூ குரூப்ல பொறந்த அதே பழக்கம்.

ட்ரோன் குடுத்த கொடை

2015-ல பேட்டில்பாட்ஸ் ஏபிசி சேனல்ல திரும்ப வந்தப்ப உலகம் மாறியிருந்துச்சு. ட்ரோன் பறக்க விடறவங்க புண்ணியத்துல பிரஷ்லெஸ் மோட்டாரும் அதுக்கான ஈ.எஸ்.சி.யும் மலிஞ்சுபோச்சு. அதே பவருக்கு எடை பாதிகூட வராது. மிச்சமான எடை மொத்தமும் ஆயுதத்துக்கு. ஆனா இதுவும் கடன் வாங்கின சரக்குதான். ட்ரோன் விசிறி ஒரே திசையில சுத்தும், சும்மா நிக்கற நிலையில யாரும் அதை அமுக்கிப் பிடிக்க மாட்டாங்க. ரோபோ சக்கரத்துக்கு ரெண்டு திசையும் வேணும், மெதுவாவும் சுத்தணும். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் நின்ன இடத்துல இருந்து கிளம்பறப்ப விக்கி விக்கி நடுங்கும்.

இதைச் சரிபண்ணினது ஃபர்ம்வேர். திறந்த மூலத்துல வந்த பி.எல்.ஹெலி, ரெண்டு திசையும் சுத்தற வசதியைக் குடுத்துச்சு. பெரிய மோட்டாருக்கு ஸ்வீடனின் பெஞ்சமின் வெட்டர் வெளியிட்ட வெஸ்க் டிசைன் கை குடுத்துச்சு. பி.எல்.ஹெலியோட அடுத்த அவதாரமான பி.எல்.ஹெலி_32 மட்டும் மூடின மூலமா வந்துச்சு. 2024-ல அந்தக் கம்பெனி கடையைச் சாத்திடுச்சு. அதை நம்பி இருந்த போர்டுகளுக்கு இனி அப்டேட் கிடையாது. அந்த இடத்துக்கு வந்தது ஏ.எம்.32, திறந்த மூலம்.

அப்ப வாங்கறதா, செய்யறதா?

கதையைத் திரும்பிப் பாத்தா எனக்குத் தோணறது இது. செஞ்சவங்க யாரும் பெருசாக் காசு மிச்சம் பிடிக்கலை. எரிஞ்சதைக் கூட்டினா கடை விலையைத் தாண்டிடும். கடையில இல்லாததாலயும், விலை எட்டாததாலயும்தான் செஞ்சாங்க. அவங்க செஞ்சு, எரிச்சு, எழுதி வெச்சதைத்தான் பின்னாடி பல கம்பெனிங்க நல்ல பெட்டியா வித்துச்சு. இன்னிக்கு நாம குடுக்கற விலைக்குள்ள, இருபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ எரிச்ச மாஸ்ஃபெட்டோட காசும் இருக்கு.

அதனால போட்டிக்குப் போறவங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. வாங்கறப்ப மட்டும் கண்ணைத் திறந்துக்குங்க :-) பெட்டி மேல போட்டிருக்கிற ஆம்ப் எத்தனை நொடிக்கு, விசிறியோடவா இல்லாமலான்னு பாருங்க. உங்க மோட்டாரோட தடையை அளந்து, முட்டி நின்னா என்ன கரண்ட்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ரிமோட்டை ஆஃப் பண்ணினா சக்கரம் நிக்குதான்னு ரோபோவைக் கட்டை மேல தூக்கி வெச்சுச் சோதிச்சுடுங்க.

செய்யறதையும் விட்டுடாதீங்க. ஒரு குட்டி 12 வோல்ட் மோட்டார், நாலு மாஸ்ஃபெட், ஒரு டிரைவர் சிப். ஒரு சனி ஞாயிறு போதும். வாங்கின பெட்டி எதனால சாகுதுன்னு அப்புறம் உங்களுக்கே புரியும். பத்து வருஷம் கழிச்சு இன்னொரு கம்பெனி கடையைச் சாத்தினா, அடுத்ததைச் செய்யறதுக்கு அந்த மாதிரி ஆளுங்கதான் தேவைப்படுவாங்க.

எரிஞ்சா போட்டோ எடுத்து, என்ன வோல்ட், என்ன மோட்டார், எந்த நொடியில புகைஞ்சுதுன்னு எழுதிப் போடுங்க. தமிழ்ல எழுதினா ரொம்பச் சந்தோஷம். இந்த விஷயத்துல நம்ம மொழியில தேடறவனுக்கு இன்னும் பெருசா ஒண்ணும் அகப்படறதில்லை.

கல்லூரியில ரோபோ வார் போனவங்க, வயர் தூக்கினவங்க உட்பட, பின்னூட்டத்துல உங்க சர்க்யூட் கதையைச் சொல்லிட்டுப் போங்க.